கோயில் காட்டின் தரையைக் கூட்டிப் பெருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடலூருக்கு மேற்கே, கேப்பர் மலைச் செம்மண் மேட்டை ஒட்டிய எங்கள் ஊரில், அய்யனார் கோயிலைச் சுற்றி இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காடு ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு முன்பாக அந்தக் காட்டைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். மரம் ஒன்றுகூட வெட்டப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரங்களுக்கு அடியில் இருந்த புதர், கொடி, முழங்கால் உயரக் கன்று, பல ஆண்டுகளாகச் சேர்ந்த சருகு ஆகியவற்றைப் பொக்லைன் இயந்திரத்தால் வாரி ஓரமாகக் குவித்துக் கொளுத்திவிட்டு, வெறுந்தரையில் வரிசையாகக் குழியெடுத்துப் புங்கன், சரக்கொன்றை, மகிழம் என நூறு கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் பச்சை வலைக்கூண்டும் போட்டிருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் கைக்காசு போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு, நல்லெண்ணத்தோடு செய்தவர்கள். அவர்களில் சிலர் என்னிடம் தாவரவியல் படித்தவர்கள் என்பதால், பிழையில் எனக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். மரத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்த அளவுக்குக் காட்டைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வேலை நடந்தபோது நான் ஊரில் இல்லை. சித்திரை முதல் ஐப்பசி வரை அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்துச் சார்லட்ஸ்வில் நகரில் மகன் வீட்டில் இருந்தேன். அந்நகருக்கு மேற்கே அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர் தொடங்குகிறது; அதன் முகட்டை ஒட்டி 1935-இல் ஏற்படுத்தப்பட்ட ஷெனாண்டோவா தேசியப் பூங்கா இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவனுக்கு அங்கே நடப்பதைவிட வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. அங்குள்ள ஓக், ஹிக்கரிக் காடுகளில் நான் கண்டதையும் படித்தறிந்ததையும் நம் கோயில் காடுகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம், ஊர் திரும்பிய மறுநாளே வந்துவிட்டது.

ஓக் நமக்கு முற்றிலும் அந்நியமான மரம் அன்று. தென்னிந்தியக் காடுகளில் அது இயல்பாக வளர்வதில்லை என்றாலும், கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் உரைமருந்துக்கு உரசும் மாசிக்காய், மேற்காசியாவில் வளரும் ஓர் ஓக் மரத்தின் கிளையில் ஒருவகைச் சிறு குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்புதான். நாட்டு மருந்துக் கடையில் ஐந்து ரூபாய்க்குக் கேட்டு வாங்கும் பொருளின் பின்னால் ஒரு மரமும் ஒரு பூச்சியும் சேர்ந்து நடத்தும் வாழ்க்கை இருக்கிறது. ஹிக்கரி, அக்ரூட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரே வர்ஜீனியாவின் தொல்குடிகளான பவ்ஹாட்டன் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அந்தக் கொட்டையை ஓட்டோடு இடித்துத் தண்ணீரில் கரைத்து வடித்த பாலுக்கு வைத்திருந்த பெயரை, வந்தேறிய ஆங்கிலேயர்கள் சுருக்கி மரத்துக்குச் சூட்டிவிட்டார்கள். தேங்காய்ப்பால் பிழியும் நமக்கு அந்தச் செய்முறை எளிதில் விளங்கும்.

ஹிக்கரியில் பல இனங்கள் உண்டு. அவற்றில் ஷாக்பார்க் என்ற இனத்தின் பட்டை, ஒரு முழம் இரண்டு முழ நீளப் பட்டைகளாக உரிந்து, கீழ் நுனியும் மேல் நுனியும் வெளியே வளைந்து, நடுப்பகுதி மட்டும் மரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதன்முதலில் அதைப் பார்த்த என் பேத்தி, "தாத்தா, இந்த மரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இல்லை, அதன் இயல்பே அப்படித்தான் என்று சொல்லி, ஒரு பட்டையின் அடியில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஈரமும், இரண்டு சிலந்திகளும், பச்சைப் பாசியும் இருந்தன. அந்தப் பட்டைகளின் அடியில் பகலில் வௌவால்கள் தங்குவதும் உண்டு. ஒரு மரத்தின் மேல்தோலில் மட்டும் இத்தனை குடித்தனம்.

நான் சொல்ல வந்தது மரங்களைப் பற்றி மட்டும் அன்று. அவை எந்தக் கூட்டத்தில், எந்த மண்ணில் நிற்கின்றன என்பதைப் பற்றி. ஷெனாண்டோவாவின் மலைச்சரிவுகளில் ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குப் போனேன். முதலாவது, மணற்பாறையும் படிகப்பாறையும் நொறுங்கிய, ஊட்டமற்ற புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை மிகுந்த மண், உள்ள வறண்ட முகடு. அங்கே செஸ்ட்நட் ஓக்கும் ஸ்கார்லெட் ஓக்கும் குட்டையாக நின்றன. அடியில் மவுண்டன் லாரல் என்ற பசுமை மாறாப் புதரும், புளூபெர்ரி இனச் சிறு செடிகளும் நெருங்கிப் படர்ந்திருந்தன. அவற்றுக்கிடையே புல்பூண்டு தேடித்தான் காண வேண்டியிருந்தது. இரண்டாவது இடம், மிகப் பழைய எரிமலைக் குழம்பு இறுகிப் பின்னர் உருமாறிய பச்சை நிறப் பாறையின் மேல் அமைந்த சரிவு. அந்தப் பாறை கரையும்போது சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் மண்ணுக்குத் தருகிறது. அங்கே வடக்குச் சிவப்பு ஓக், வெள்ளை ஓக் ஆகியவற்றோடு ஹிக்கரிகள் பெருமளவில் சேர்ந்துகொண்டன. புளூபெர்ரியும் லாரலும் ஏறக்குறைய காணாமல் போய், தரை முழுவதும் மெல்லிய இலைச் செடிகளும் கோரையினப் புற்களும் நிறைந்திருந்தன. உயரம் ஏறக்குறைய ஒன்றே. மழையும் ஒன்றே. பாறை மாறியதால் கூட்டம் மாறியது. இரண்டையும் 'ஓக் காடு' என்று ஒரே பெயரால் அழைத்துவிட்டால், அந்தச் சரிவைப் பற்றி அறிய வேண்டியவற்றில் பாதியை இழந்துவிடுவோம்.

வர்ஜீனியா மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அவ்வாறு இழக்கவில்லை. அதன் ஆய்வாளர்கள் காட்டுக்குள் பெரும்பாலும் 400 சதுர மீட்டர் அளவுள்ள கட்டங்களைக் கயிறு கட்டி அளந்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தாவரத்தையும், உச்சிமரம் முதல் விரல் உயரச் செடி வரை பெயரெழுதி, ஒவ்வோர் இனமும் எத்தனை பங்கு நிலத்தை மூடியிருக்கிறது என்று குறித்து, மண்ணையும் சோதித்து, பாறையையும் சரிவின் திசையையும் பதிகிறார்கள். அப்படி எடுத்த கட்டங்களை ஒப்பிட்டு, எவை எவை சேர்ந்து வாழ்கின்றன என்று பார்த்துத்தான் 'மலை ஓக்–ஹிக்கரிக் காடு', 'புளிப்பு மண் ஓக்–ஹிக்கரிக் காடு', 'ஓக்கும் லாரல் புதரும் உள்ள காடு' என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மலை ஓக்–ஹிக்கரிக் காடு என்பது அங்கே பெரும்பாலும் 2,000 அடிக்கு மேற்பட்ட நடு உயரச் சரிவுகளுக்கு உரியது. கூட்டங்களுக்கிடையே வேலி கட்டியதுபோன்ற எல்லைகள் இல்லை என்பதையும் அவர்கள் மறைப்பதில்லை. 1956-இலேயே ராபர்ட் விட்டேக்கர் என்ற சூழலியலாளர், தெற்கே கிரேட் ஸ்மோக்கி மலைகளில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, மலை உயர உயரவும் ஈரம் குறையக் குறையவும் ஒவ்வோர் இனமும் தனக்குரிய வேகத்தில் கூடிக் குறைகிறது என்று காட்டிவிட்டார். ஆயினும் பெயர் தேவைப்படுகிறது. பெயர் இல்லாத ஒன்றைக் காப்பாற்றச் சொல்லி எந்தக் கோப்பிலும் எழுத முடியாது.

நிலத்தைப் பூவால் பெயரிட்ட மொழி நம்முடையது. மலையின் உயரத்தை அளக்காமல் அங்கே பூப்பது எதுவென்று பார்த்துக் குறிஞ்சி என்றவர்களுக்கு, இந்த முறையின் அடிப்படையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, எங்கள் ஊர்க் காட்டின் நிலைக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். ஷெனாண்டோவாவில் ஒரு புரட்டாசி மாலை, பெரிய வெள்ளை ஓக் ஒன்றின் அடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். சுற்றிலும் அதே அளவில் இன்னும் பல ஓக்குகள், நோயின்றி, செழிப்பாக. பிறகு தரையைப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கன்றுகளை எண்ணினேன்: பதினேழு. அவற்றில் பதினைந்து செம்மேப்பிள், ஒன்று பீச், ஒன்றே ஒன்று ஓக். அந்த ஓக் கன்றின் நுனியையும் மான் கடித்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் அது ஓக் காடு. முழங்காலுக்குக் கீழே பார்த்தால் அது மேப்பிள் காடு. பெரிய மரங்கள் இன்னும் நூறு ஆண்டுகள் நிற்கலாம். ஆனால் அவை விழும்போது அந்த இடத்துக்கு வரக் காத்திருப்பவை வேறு இனங்கள். அந்தக் காடு ஏற்கெனவே மாறிவிட்டது; உச்சிக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

இதற்கான காரணங்களை அங்குள்ள அறிவியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஓக் கன்று முதலில் வேரை இறக்கும். மேலே வளர அவசரப்படாது. தரையோடு பரவும் லேசான தீ அவ்வப்போது வந்து மெல்லிய பட்டையுள்ள மேப்பிள் கன்றுகளைக் கருக்கிவிட்டால், வேரில் சேமிப்பு வைத்திருக்கும் ஓக் மறுபடியும் துளிர்த்து முந்திக்கொள்ளும். தொல்குடி மக்கள் வைத்த தீயும் மின்னல் தீயும் பன்னெடுங்காலம் அந்த வேலையைச் செய்தன. இருபதாம் நூற்றாண்டில் தீயை முற்றிலும் அடக்கியதும், நிழலைத் தாங்கும் மேப்பிள் போன்றவை அடியில் பெருகின, நிழல் கூடியது, ஈரம் கூடியது, ஓக்கின் கன்றுக்கு வெளிச்சம் போதவில்லை. மான்களின் பெருக்கமும் சேர்ந்துகொண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் நம் கோயில் காட்டில் தீ வைத்தால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. நம் கடற்கரைப் பசுமைமாறாக் காடு தீயோடு வளர்ந்த காடு அன்று. அதற்குத் தீ பகை. அங்கே மருந்தாவது இங்கே நஞ்சாகும் என்பதாலேயே, எது எந்தக் கூட்டம் என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

அந்த மலைகளுக்கு இது முதல் இழப்பும் அன்று. அமெரிக்கச் செஸ்ட்நட் என்றொரு மரம் அங்கே ஓக்கோடு சேர்ந்து காட்டை ஆண்டது. பல சரிவுகளில் நான்கு மரங்களில் ஒன்று அதுவாக இருந்தது. ஆசியச் செஸ்ட்நட் கன்றுகளோடு வந்த ஒரு பூஞ்சை நோய் 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ 400 கோடி மரங்கள் பட்டுப்போயின. இ. லூசி பிரௌன் என்ற தாவரவியலாளர் 1950-இல் கிழக்கு வட அமெரிக்கக் காடுகளை வட்டாரங்களாகப் பிரித்தபோது இந்த மலைகளுக்கு 'ஓக்–செஸ்ட்நட்' என்றே பெயரிட்டார். அப்போதே அப்பெயரின் ஒரு பாதி பட்டமரமாக நின்றுகொண்டிருந்தது. இன்று ஓக்–ஹிக்கரிக் காடு என்று நாம் காணும் பல இடங்கள், செஸ்ட்நட் விட்டுப்போன வெற்றிடத்தில் மற்றவை பரவியதால் அமைந்தவை. பூஞ்சை வேரைக் கொல்வதில்லை. ஆகவே இன்றும் அந்தக் காடுகளில், ஆள் உயரத்துக்கோ சற்று மேலாகவோ, ரம்பப்பல் விளிம்புள்ள நீண்ட இலைகளோடு செஸ்ட்நட் துளிர்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை காய்க்கும் வயதை எட்டுமுன் நோய் கண்டு பட்டுப்போகும். வேர் மறுபடியும் துளிர்க்கும். நான் பார்த்த ஒரு துளிரின் பட்டையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் ஏற்கெனவே தோன்றியிருந்தன. பக்கத்தில் மூன்று புதிய கிளைகள் அடியிலிருந்து புறப்பட்டிருந்தன. நூறாண்டுக்கும் மேலாக அந்த வேர் விடவில்லை. காட்டின் அடித்தளத்தைப் புதர் என்று வாரிக் கொட்டுபவர் கண்ணுக்கு அதுவும் ஒரு புதர்தான்.

சருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓக்கின் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். நெல்லைப்போலவோ உளுந்தைப்போலவோ காயவைத்துக் குதிரில் வைக்க முடியாத விதை அது. வெள்ளை ஓக்கின் கொட்டை இலையுதிர் காலத்திலேயே விழுந்த சில நாட்களில் வேர்விட்டுவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டை குளிர்காலம் முழுவதும் சருகுக்கடியில் ஈரத்தோடு கிடந்து வசந்தத்தில் முளைக்கும். அணில்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. சிவப்பு ஓக்கின் கொட்டையை அவை அப்படியே புதைத்து வைக்கின்றன. வெள்ளை ஓக்கினதை உடனே தின்கின்றன, அல்லது முளைக்கருவைக் கொறித்து எடுத்துவிட்டுப் புதைக்கின்றன. புதைத்ததில் மறந்துபோனவை காடாகின்றன. இனி நம் பக்கம் திரும்புவோம். நாவல் விதையும் அப்படிப்பட்டதுதான். காயவைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். சருகும் நிழலும் ஈரமும் இருக்கும் தரையில் விழுந்தால்தான் பிழைக்கும். எங்கள் அய்யனார் காட்டின் நாவல் மரங்கள் இந்த ஆண்டும் ஆனி மாதத்தில் தரை கறுக்கப் பழம் உதிர்த்தன. பெருக்கிச் சுத்தம் செய்த செம்மண்ணில் விழுந்த அந்த விதைகள் இரண்டு வார வெயிலில் சுருங்கிப்போனதை நானே பொறுக்கிப் பார்த்தேன். பக்கத்தில், கூண்டுக்குள் இருந்த கன்றுகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நம் காடு எது? விசாகப்பட்டினம் தொடங்கி இராமநாதபுரம் வரை வங்கக் கடலோரமாக ஒரு பட்டையாக இருந்து, இன்று துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு அது. சாம்பியன், சேத் என்ற வனவியலாளர்கள் இருவரும் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் பதினாறு பெரும்பிரிவுகளில் ஏழாவது பிரிவு முழுவதும் இதற்கே தரப்பட்டிருக்கிறது. கடலூர், புதுவைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக ஒன்றிரண்டு மாதங்களில் கொட்டிவிடும். அதன் பிறகு ஆறு மாதக் காய்ச்சல். அப்படிப்பட்ட இடத்தில் இலையை உதிர்க்காமல், தடித்த, தோல் போன்ற இலையோடு ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் காடு என்பது உலகத்தில் அரிது.

அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று பாருங்கள். காசா என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் காயா மரம், திருமாலின் மேனிக்கு உவமையாகும் நீலப் பூவோடு, அதிகம் போனால் இரு ஆள் உயரத்தில், பல தண்டுகளாகப் பிரிந்து நிற்கும். உலக்கைப் பாலை அதற்கு மேல் கவிந்திருக்கும். வீரை, கருங்காலி, இரும்புளி, நாவல், எட்டி ஆகியவை உண்டு. மாணிக்கவாசகர் குருவைக் கண்ட குருந்தமும் இங்கேயே முள்ளோடும் மணமான இலையோடும் வளர்கிறது. அடியில் காரை, களா, சூரை, சங்கஞ்செடி. மரங்களைப் பின்னிக்கொண்டு ஆதொண்டை, நன்னாரி, கொடிப்பாலை, பிரண்டை, குன்றிமணி. இந்தக் கொடிகள் காட்டின் ஓரத்தைத் தைத்து மூடுகின்றன. வெயிலும் கடற்காற்றும் நேரே உள்ளே புகாமல், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காப்பது அந்தத் தையல்தான். இந்த மரங்களில் பெரும்பாலானவற்றின் பழம் சதைப்பற்றுள்ளது. சின்னான், குயில், மைனா, பழந்தின்னி வௌவால், மரநாய் ஆகியவை தின்று விதையைப் போட்டுவிட்டுப் போகும். ஆனால் அவை வந்து உட்கார்வதும் ஒளிவதும் இந்தப் புதர்களில்தான். புதரை எடுத்த இடத்துக்குப் பறவை வருவது குறைகிறது. வந்தாலும், போட்ட விதைக்குத் தரை இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் வேரோடு சாய்ந்ததை இம்மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. மறுநாள் நான் எங்கள் கோயில் காட்டுக்குப் போனேன். வேம்பு ஒன்று விழுந்திருந்தது. நாவலில் கிளைகள் முறிந்திருந்தன. குட்டையான காசா மரங்கள், கொடிகளால் ஒன்றோடொன்று கட்டுண்டு, இலை மட்டும் இழந்து அப்படியே நின்றன. ஒரு காட்டை வைத்து முடிவு சொல்லிவிட முடியாது என்று அறிவேன். ஆயினும் அந்தக் கொடிகள்தான் இப்போது 'சுத்தம்' என்ற பெயரில் முதலில் அறுக்கப்பட்டவை.

நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை என்பதே எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புதுவைக் கடற்கரையை ஒட்டி 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது; தாவர வரைபடங்களும் அங்கே வரையப்பட்டிருக்கின்றன. புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் நம் கடலூர்ப் பகுதியின் திருமாணிகுழி, குழந்தைகுப்பம் காடுகளை மரம் மரமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். புதுவைக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடும் இவ்வாறு ஆராயப்பட்டது. 1968-இல் வெறும் செம்மண் பொட்டலில் தொடங்கிய ஆரோவில்லில், காடு வளர்க்க முனைந்தவர்கள் நாட்டு மர விதைக்காக இத்தகைய கோயில் காடுகளைத்தான் தேடி அலைந்தார்கள். அந்த விதை இங்கே இருந்ததால்தான் அங்கே காடு வந்தது. இத்தனையும் நம் பேருந்துப் பயண தூரத்துக்குள் இருக்க, ஊராட்சி அளவில் ஒரு காட்டைத் தொடும்போது, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. மாநில அரசு 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. உயர்ந்த நோக்கம், முழு மனதோடு வரவேற்கிறேன். நட்ட கன்றுகளை எண்ணும் அதே பதிவேட்டில், தானாக முளைத்த கன்றுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். தானாக முளைத்த காசாக் கன்றுக்குக் குழி வேண்டாம், கூண்டு வேண்டாம், லாரித் தண்ணீரும் வேண்டாம்.

கோயில் பூசாரியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க சொல்றது சரி. ஆனா புதர் இருந்தா பாம்பு வருதுன்னு பொம்பளைங்க சாயங்காலம் வெளக்குப் போட வரமாட்டேங்கறாங்களே" என்றார். நியாயமான கவலை. அதை ஒதுக்கிவிட்டு எந்தக் காட்டையும் காப்பாற்ற முடியாது. ஆகவே நாங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். சாலையிலிருந்து சந்நிதி வரை பத்தடி அகலத்தில் பாதையும், குதிரைச் சிலைகளைச் சுற்றியுள்ள வெளியும் வழக்கம்போலப் பெருக்கப்படும், விளக்கும் போடப்படும். அதற்கு அப்பால் வடக்கிலும் மேற்கிலும் ஒரு சருகையும் எடுப்பதில்லை. ஆடு, மாடு மட்டும் நுழையாமல் காரை முள்ளால் அடைப்பு வைப்பது. பொங்கல் வைக்க வருவோருக்குத் தனி இடம்.

இம்மாவட்டத்திலும் புதுவையிலும் உள்ள ஒவ்வொரு கோயில் காட்டுக்கும் இப்படி ஏதேனும் ஓர் ஏற்பாடு சாத்தியமே. அதற்கு முன்னதாக வனத்துறையும் ஊராட்சிகளும் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காட்டிலும் இயந்திரம் இறங்குமுன், உச்சிமரம் முதல் பூண்டு வரை அதில் உள்ள அனைத்தின் பட்டியலும் ஊர்ப்பெயரோடு எழுதப்பட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். ஊர்ப்பெயர்களைச் சொல்ல ஆடு மேய்க்கும் முதியோர்களும் நாட்டு வைத்தியர்களும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போவதற்கு அதிக காலம் இல்லை. நடுவதென்றால் அந்தப் பட்டியலில் உள்ளதையே, அந்தக் காட்டின் விதையிலிருந்தே கன்றாக்கி நட வேண்டும். புங்கனும் சரக்கொன்றையும் நல்ல மரங்கள்தாம்; சாலையோரத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் அவை பொருந்தும்.

எங்கள் காட்டில் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டோம். பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரும் நானும் இருபது மீட்டர்க் கயிறு ஒன்றும். அடைப்பு வைத்த வடக்கு மூலையில், கார்த்திகை மழைக்குப் பிறகு எண்ணியபோது வீரைக் கன்று நான்கு, நாவல் ஒன்பது, சூரை ஏராளம். காசா இன்னும் வரவில்லை. தைக்குப் பிறகு மறுபடியும் எண்ணுவோம். பக்கத்து ஊர்களில் எவரேனும் இதைச் செய்ய விரும்பினால், ஞாயிறு காலைகளில் கயிற்றோடு வரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
கடலூர் மாவட்டம்.